மருத்துவக் காப்பீட்டு அட்டை யாருக்கு இல்லை, ஏன் இல்லை: சேலத்திலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

சேலத்தின் அம்மாபேட்டை, குகை ஆகிய பகுதிகளில் தறிக்காரர்களுக்கும் வெள்ளிப் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். விண்ணப்பம் நிரப்ப வருபவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, படிவத்தைப் பற்றியவை அல்ல. ‘அவருக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை’ என்பதே பலருடைய கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் அது அரசியலில்தான் போய் நிற்கும். அந்தக் கேள்விகளையும், என் அறிவுக்கு எட்டிய பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் இலவசமாகத்தான் பார்க்கிறார்கள். அப்படியிருக்க, ‘காப்பீடு இல்லாதவர்’ என்று தனியே ஒருவரைப் பிரிப்பது ஏன்?

நியாயமான கேள்வி. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள் நுழைய எந்த அட்டையும் வேண்டியதில்லை. அந்த வகையில் தமிழ்நாட்டில் காப்பீடு இல்லாதவர், அமெரிக்காவில் காப்பீடு இல்லாதவரைப் போல முற்றிலும் கைவிடப்பட்டவர் அல்லர். அந்தப் பெருமையை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைக்காமல் காத்திருக்கும்போதோ, தேவையான கருவியோ மருத்துவரோ அங்கே இல்லாதபோதோ, நள்ளிரவில் மாரடைப்பு வந்து அருகிலுள்ள தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும்போதோ அட்டை உள்ளவரின் குடும்பத்துக்கும் அட்டை இல்லாதவரின் குடும்பத்துக்கும் வாழ்க்கை அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு குடும்பம் கையெழுத்துப் போடுகிறது, மற்றொரு குடும்பம் நகையை அடகு வைக்கிறது.

2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஒருவராவது காப்பீடு பெற்றுள்ள குடும்பங்கள் இந்திய அளவில் 41 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. நாட்டின் சராசரியைவிட நாம் வெகுதூரம் முன்னால் இருக்கிறோம். மீதமிருக்கும் மூன்றில் ஒரு பங்கைப் பற்றியதுதான் இந்தப் பக்கம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வருமான வரம்பு என்ன? அதில் என்ன சிக்கல்?

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இது 72,000 ரூபாயாக இருந்தது. 2021-இல் ஆட்சி மாறிய பிறகு உயர்த்தப்பட்டது. கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறையிடமோ வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையோடும் ஆதாரோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தோடு சென்று பதிவு செய்துகொள்ள வேண்டும். 2011-இல் நடந்த சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பின் பட்டியலில் ஏழைக் குடும்பமாக இடம்பெற்றவர்கள் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகவும் இதற்குள் வருகிறார்கள். சேர்ந்த குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1,20,000 ரூபாயை 365 நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 329 ரூபாய்கூட முழுதாக வராது. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். அதாவது, நாட்டிலேயே மிக எளியவர்களுக்கென்று அரசே வகுத்த கூலியை ஒருவர் ஆண்டு முழுவதும் பெறுவதாக வைத்துக்கொண்டால், அவர் ஒருவருடைய வருமானத்தாலேயே அந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடுகிறது. கணவன் தறி ஓட்டி, மனைவி வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றினால் சொல்லவே வேண்டாம். இரண்டு பேர் உழைக்கும் எந்தக் குடும்பமும் உண்மையைச் சொன்னால் இந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

அப்படியானால் இத்தனை குடும்பங்கள் உள்ளே இருப்பது எப்படி என்று கேட்பீர்கள். மாதச் சம்பளச் சீட்டு இல்லாத ஊரில் வருமானம் என்பது கேட்பவர் எழுதிக்கொள்ளும் ஓர் எண்ணாக இருக்கிறது. பல அலுவலர்கள் மனிதாபிமானத்தோடு வரம்புக்குள் எழுதித் தருகிறார்கள், சிலர் தருவதில்லை. அந்த இரக்கம் நல்லதுதான், ஆனால் உயிர் காக்கும் உரிமை ஒருவருடைய இரக்கத்தைச் சார்ந்திருப்பது நல்லதல்ல. தெரிந்தவர் இருந்தால் சான்று கிடைக்கிறது. ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு, வாடகை வீட்டை மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு, கணவனைப் பிரிந்து குடும்ப அட்டையில் பெயர் பிரிக்கப்படாத பெண்ணுக்கு அது கிடைப்பதில்லை. என்னிடம் வந்து திரும்பிப் போனவர்களில் பெரும்பாலோர் இத்தகையோரே. வரம்பு பணக்காரர்களை வெளியே நிறுத்தவில்லை, அலுவலகத்தில் பேசத் தெரியாதவர்களையே வெளியே நிறுத்துகிறது என்பது நான் நேரில் கண்ட உண்மை.

வரம்புக்கு மேல் சம்பாதிப்பவர்கள் ஈ.எஸ்.ஐ.-இல் சேர்ந்துகொள்ளலாமே?

சேரலாம், வேலை செய்யும் இடம் அதற்கு உரியதாக இருந்தால். 1948-ஆம் ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் தொடங்கி, 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் நடக்கும் திட்டம் இது; பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இதற்குள் வருவார். 2019 ஜூலை முதல் தொழிலாளி சம்பளத்தில் 0.75 விழுக்காடும், முதலாளி 3.25 விழுக்காடும் கட்டுகிறார்கள். வெளிநோயாளிச் சிகிச்சை, மருந்து, குடும்பத்தாருக்கான சிகிச்சை எல்லாம் இதில் உண்டு. இந்த நாட்டில் தொழிலாளிக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாதுகாப்புகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் சேலத்தின் கொலுசு எங்கே செய்யப்படுகிறது? வீட்டுத் திண்ணையிலும், நான்கைந்து பேர் உட்காரும் பட்டறையிலும். ஒருவர் கம்பி இழுக்கிறார், இன்னொருவர் வீட்டில் சலங்கை பற்றவைக்கப்படுகிறது, மெருகு போடுவது வேறொரு தெருவில். ஒரே கொலுசு பத்துக் கைகள் மாறினாலும், அந்தப் பத்துப் பேரும் ஒரே கூரையின் கீழ் இல்லாததால் சட்டத்தின் கண்ணில் அது நிறுவனம் ஆவதில்லை. மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் ஒரு கொலுசுத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் என்பதால் முதலமைச்சர் திட்டத்துக்கு அவர் பணக்காரர். பட்டறை சிறியது என்பதால் ஈ.எஸ்.ஐ. இல்லை. தனியார் காப்பீட்டுக்குப் பணம் கட்ட முடியாது. இதே சம்பளத்துக்குப் பெரிய ஆலையில் வேலை செய்யும் அவருடைய தம்பிக்கு எல்லாம் இருக்கிறது.

2021-இல் ஒன்றிய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட ஓர் அறிக்கை இவர்களை ‘விடுபட்ட நடுப்பகுதி’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்து, நாட்டு மக்களில் குறைந்தது 30 விழுக்காட்டினர், அதாவது 40 கோடிப் பேர், மருத்துவச் செலவுக்கு எந்த நிதிப் பாதுகாப்பும் இல்லாமல் இருப்பதாகக் கணக்கிட்டது.

இந்தத் திட்டத்தை யார் கொண்டுவந்தார்கள்? இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுடையது என்கிறார்களே?

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆந்திரத்தில் முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி 2007-இல் ஆரோக்கியஸ்ரீ என்னும் இதே போன்ற காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கி, 2009 தேர்தலில் மீண்டும் வென்றார். அதே 2009 ஜூலையில் மு. கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு ‘உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தை’க் கொண்டுவந்தது. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்பது அதன் அளவு. 2011-இல் ஆட்சி மாறியதும் அது நிறுத்தப்பட்டது. ஜெ. ஜெயலலிதா தலைமையிலான அ.தி.மு.க. அரசு 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அந்த 1 லட்சம் ஆண்டுக்கு ஒரு முறை என்று மாறியது. 2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைக்கப்பட்டபோது 5 லட்சமாக உயர்ந்தது. 2021-இல் வந்த தி.மு.க. அரசு பெயரை மாற்றாமல், வருமான வரம்பை உயர்த்தித் தொடர்ந்தது.

இந்த வரிசையில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு தலைவரின் பெயரில் இருந்த திட்டம் ஆட்சியோடு போனது. பதவியின் பெயரில் அமைந்த திட்டம் ஆட்சி மாறியும் நின்றது. பழைய அட்டை செல்லாமல் போய்ப் புதிய அட்டை கைக்கு வரும் வரையான மாதங்களில் நோய் காத்திருப்பதில்லை. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த எடப்பாடி கே. பழனிசாமி முதலமைச்சராக இருந்தபோது 2020 டிசம்பரில் தொடங்கப்பட்ட அம்மா மினி கிளினிக்குகளும் அடுத்த ஆட்சியில் மூடப்பட்டன. அவை ஓராண்டுக்கான தற்காலிக ஏற்பாடு என்று புதிய அரசு விளக்கம் சொன்னது. காழ்ப்புணர்ச்சி என்று எதிர்க்கட்சி சொன்னது. எது சரி என்று வாதாடுவதைவிட, ஊருக்குள் வந்த மருத்துவர் போய்விட்டார் என்பதுதான் அந்த ஊர்க்காரருக்குத் தெரிந்த செய்தி.

ஒன்றிய அரசின் பங்கு எவ்வளவு? பெயர் விஷயத்தில் ஏன் இத்தனை சண்டை?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் வருபவை. ஆயுஷ்மான் பாரத்தில் தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மட்டும் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்கின்றன. அதற்கு மேல் மாநிலம் சேர்க்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முழுப் பணமும் மாநிலத்தினுடையது. ஆகவே, ‘இது மோடி காப்பீடு’ என்பதும் ‘இதில் ஒன்றிய அரசுக்குப் பங்கே இல்லை’ என்பதும் இரண்டுமே அரைகுறை உண்மைகள். மேற்கு வங்கம் இந்தத் திட்டத்திலிருந்து விலகித் தன் சொந்தத் திட்டத்தை நடத்தியது. ஒடிசாவும் டெல்லியும் ஆட்சி மாறிய பிறகு 2025-இல்தான் சேர்ந்தன. நோயாளிக்கு இதனால் நேர்ந்த இழப்பு என்னவென்றால், மாநில எல்லையைத் தாண்டியதும் அட்டை செல்லுமா என்ற ஐயம்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் நிலைமை எப்படி?

இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையில் வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் மலையாளி என்னும் பழங்குடியினர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் அங்கே காபி வந்தது. அதோடு கூலி வேலையும் வந்தது. 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்ட உரிமையாளரே தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்றது. அந்தக் காரணத்தால் ஈ.எஸ்.ஐ. தோட்டங்களுக்கு வராமலே இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதன் இடத்துக்கு வரும் வரை, 5 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும் 15 தொழிலாளர்களும் இருந்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. ஏற்காட்டில் சிறு தோட்டங்கள் ஏராளம். பழம் பறிக்கும் மாதங்களில் மட்டும் கூலிக்கு வரும் பெண்ணின் பெயர் எந்தத் தோட்டத்தின் பதிவேட்டிலும் நிலையாக இருப்பதில்லை. ஆலைத் தொழிலாளிக்கான சட்டம் அவளைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டது, தோட்டச் சட்டம் அவளைப் பதிவேட்டில் தேடிவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது.

மலையில் அட்டை வாங்குவதே ஒரு பயணம். வருமானச் சான்றுக்கு ஒரு நாள், குடும்பத்தோடு மலையிறங்கி ஆட்சியர் அலுவலகம் வந்து விரல்ரேகை வைக்க ஒரு நாள், வயதானவருக்கு ரேகை விழாவிட்டால் மறுபடி ஒரு நாள். ஒவ்வொரு நாளும் வீட்டில் எல்லோருடைய கூலியும் போகிறது. அட்டை கைக்கு வந்த பிறகும், பெரிய சிகிச்சை என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்குத்தான் வர வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்து தடைப்பட்டபோது, அட்டையில் எத்தனை லட்சம் இருந்தாலும் என்ன பயன்? காப்பீடு என்பது ரசீதைக் கட்டும் ஏற்பாடு. ரசீது போடுவதற்கு அங்கே ஒரு மருத்துவமனை இருக்க வேண்டும். மலையைப் பொறுத்தவரை ஏற்காடு அரசு மருத்துவமனையை எல்லா நாளும் பிரசவமும் அறுவை சிகிச்சையும் நடக்கும் இடமாக வைத்திருப்பதும், 108 வண்டி கிராமம் வரை போகும் சாலையும்தான் முதல் காப்பீடு என்பது என் உறுதியான கருத்து.

ஏற்காடு சட்டமன்றத் தொகுதி, தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட இரண்டே தொகுதிகளில் ஒன்று. மற்றொன்று சேந்தமங்கலம். 234 பேர் உள்ள அவையில் இரண்டு குரல்கள். மலையின் கேள்வி சென்னையில் மெதுவாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் தனியார் மருத்துவமனைக்கும் கொடுக்கும் பணத்தை அரசு மருத்துவமனைக்கே கொடுத்தால் என்ன?

இந்த வாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியாகப் பகிர்ந்தளித்த முறையைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டன. அந்த அமைப்பைக் கட்டியது காப்பீடு அன்று, பொதுப்பணம். காப்பீடு வந்த பிறகு பொதுப்பணத்தின் ஒரு பகுதி தனியாருக்குப் போகிறது என்பதும் மறுக்க முடியாதது.

ஆயினும் இந்தத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. அட்டை உள்ள நோயாளிக்கு அங்கே அறுவை சிகிச்சை செய்தால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வருகிறது; கருவி வாங்கவும் பராமரிக்கவும் அது உதவுகிறது. ஆகவே அரசு மருத்துவமனைக்கு வருபவரும் அட்டையைக் காட்டுவது நல்லது. நான் சொல்வது இதுதான்: அரசு மருத்துவமனை வலுவாக இருக்கும் வரையில்தான் தனியார் மருத்துவமனை அரசு சொல்லும் கட்டணத்துக்கு இணங்கும். போட்டிக்கு ஆள் இல்லாவிட்டால் விலையைத் தீர்மானிப்பவர் அவரே.

அட்டை இருந்தும் முன்பணம் கட்டச் சொல்கிறார்களே, என்ன செய்வது?

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். என் உறவினர் ஒருவரை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது, ஒப்புதல் வர இரண்டு நாள் ஆகும், அதுவரை பணம் கட்டுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்றார்கள். கட்டினோம். ஒப்புதல் வந்தது, பணம் முழுதாகத் திரும்பவில்லை. ‘அது பரிசோதனைக்கான செலவு’ என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் எதையும் வாங்கிக்கொள்ளாதது எங்கள் தவறு.

சேர்வதற்கு முன் அந்த மருத்துவமனை குறிப்பிட்ட சிகிச்சைக்குத் திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவமனை இருக்கும், அந்தச் சிகிச்சை இருக்காது. திட்டத்துக்கென அமர்த்தப்பட்ட தொடர்பு அலுவலரைப் பாருங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள்.

வெளிநோயாளியாகப் பார்க்கும் செலவும் மாத்திரைச் செலவும் இதில் அடங்குமா?

பொதுவாக அடங்காது. குடும்பத்தை மெல்ல மெல்ல அரிப்பது இந்தச் செலவுதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து ஓரளவு இதை ஈடுசெய்கிறது. இந்தத் திட்டத்துக்கு வருமானச் சான்று தேவையில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வருமான வரம்பை எடுத்துவிட்டால் வசதியுள்ளவர்களும் வந்து வாங்கிக்கொள்வார்களே?

சிலர் வாங்குவார்கள். அந்தச் சிலரைத் தடுப்பதற்காக எத்தனை பேரை வெளியே நிறுத்துகிறோம் என்பதே கேள்வி.

அரசு ஏற்கெனவே வரம்பு இல்லாமல் கொடுத்துப் பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரரானாலும், எவ்வளவு வருமானம் உள்ளவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது; தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தார்கள். பெங்களூரிலிருந்து சுற்றுலா வந்து ஏற்காட்டு வளைவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவரிடம் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை. கேட்கக் கூடாது, அதுவே சரி. ஆனால் அதே வளைவுக்கு மேலே வசிக்கும், பித்தப்பைக் கல்லால் துடிக்கும் கூலிப் பெண்ணிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்? 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமானம் பாராமல், 5 லட்சம் ரூபாய்க் காப்பீட்டைத் தொடங்கியது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கும் மாநிலத் திட்டத்தில் வரம்பு இல்லை. இத்தனை வாசல்களில் சல்லடையை எடுத்த பிறகும் நடுவயதுத் தொழிலாளியின் வாசலில் மட்டும் அதை வைத்திருப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

பணம் எங்கிருந்து வரும்?

வரியிலிருந்து, அல்லது கட்டக்கூடியவர் கட்டும் சிறு தொகையிலிருந்து. இரண்டாவதற்கு ராஜஸ்தான் ஓர் எடுத்துக்காட்டு. 2021-இல் அங்கே தொடங்கிய சிரஞ்சீவி திட்டத்தில் ஏழைகளுக்கு அரசே கட்டியது. மற்றக் குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேர்ந்துகொள்ள முடிந்தது. நம் கொலுசுத் தொழிலாளி இதை மகிழ்ச்சியோடு கட்டுவார். பொய்ச் சான்று வாங்க அலைவதைவிட அது அவருக்குக் கௌரவம்.

முதல் வழியைப் பற்றிப் பேசும்போது சேலத்துக்காரர் ஒருவர் நினைவில் கொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று, இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, மதுவிலக்கு முதன்முதலாக நம் சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் செய்ய வேண்டியது இது என்று அரசு முடிவெடுத்த பிறகு அதற்கான பணத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. இன்று அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. எவ்வளவு பணம் இருக்கிறதோ அதற்கேற்ப ஒரு கோடு வரைந்துவிட்டு, அந்தக் கோட்டுக்குள் இருப்பவரே ஏழை என்கிறோம்.

மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்தார்கள்?

இரண்டை மட்டும் சொல்கிறேன். தாய்லாந்தில் 1975 முதல் ஏழைகளுக்கான அட்டை இருந்தது; உண்மையான ஏழைகள் பலருக்கு அது போய்ச் சேரவில்லை. 2001 தேர்தலில் தக்‌ஷின் ஷினவத்ராவின் கட்சி ‘எந்த நோய்க்கும் 30 பாட்’ என்று வாக்குறுதி கொடுத்து வென்றது. 2002-இல் அதற்குச் சட்டம் இயற்றினார்கள். அரசு ஊழியர் திட்டத்திலும் தொழிலாளர் காப்பீட்டிலும் இல்லாத மீதி அத்தனை பேரும் உள்ளே என்பதே அதன் இலக்கணம். யார் ஏழை என்று அவர்கள் தேடவில்லை, யார் மிச்சம் என்று மட்டும் பார்த்தார்கள். 2006-இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகும் அந்தத் திட்டத்தைத் தொட முடியவில்லை. 30 பாட் கட்டணத்தையே நீக்கினார்கள்.

அமெரிக்காவில் ஒபாமா 2010 மார்ச்சில் கையெழுத்திட்ட சட்டம், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தை எல்லா மாநிலங்களிலும் விரிவாக்கச் சொன்னது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. விரிவாக்கச் செலவில் 90 விழுக்காட்டை நடுவண் அரசே ஏற்கும் என்று சொல்லியும் பத்து மாநிலங்கள் ஏற்கவில்லை. அந்த மாநிலங்களில் ஒரு பகுதி மக்கள், மெடிக்கெய்டுக்குப் பணக்காரர்களாகவும் தனியார் காப்பீட்டு மானியத்துக்கு ஏழைகளாகவும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். குகைப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவரின் நிலையும் இதுவே. ஆனாலும் 2017-இல் அந்தச் சட்டத்தை ஒழிக்க முயன்றபோது செனட்டில் 49க்கு 51 என்று முயற்சி தோற்றது. பெற்ற பின் பறிப்பது எந்த நாட்டிலும் எளிதல்ல.

தனியார் காப்பீடே வாங்கிவிட்டால் என்ன?

முடிந்தவர்கள் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 விழுக்காடு சரக்கு சேவை வரி நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். அரசுத் திட்டத்தில் அந்தக் காத்திருப்பு இல்லை.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்பவர்களுக்கு?

ஆயுஷ்மான் பாரத் அட்டை உள்ளவர், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனையில் இங்கேயும் சிகிச்சை பெறலாம். ஜவ்வரிசி ஆலையிலோ உணவகத்திலோ உங்களோடு வேலை செய்பவருக்கு இதைச் சொல்லுங்கள். அவர்களில் பலருக்குத் தெரியாது.

வாக்குக் கேட்டு வருபவரிடம் நாங்கள் என்ன கேட்பது?

‘காப்பீட்டை 10 லட்சமாக உயர்த்துவோம்’ என்று அவர் சொன்னால், உள்ளே இருப்பவருக்கு உயர்த்துவது இருக்கட்டும், வெளியே இருப்பவரை எப்போது சேர்ப்பீர்கள் என்று கேளுங்கள். பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைக்காரர் எந்தத் திட்டத்தில் வருவார் என்று கேளுங்கள். வருமானச் சான்றுக்குப் பதிலாகக் குடும்ப அட்டை ஒன்றே போதும் என்று உங்கள் தேர்தல் அறிக்கையில் எழுதுவீர்களா என்று கேளுங்கள். ஏற்காட்டில் இருப்பவராயின், பதிவு முகாமை மாதம் ஒரு முறை மலைக்கு மேலே நடத்த என்ன தடை என்றும் கேளுங்கள். பதிலை அவர் சொன்னபடியே, தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தத் தாளைக் காட்டலாம்.